பி.டி. பீரியடில் வலிமைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உடற்கல்வி எடுக்கிற ஆசிரியர் நான். சில வருடங்களாக என் பி.டி. பீரியடின் முதல் இருபது நிமிடத்தை வலிமைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தில்தான் பந்தை வெளியே எடுக்கிறேன். அன்றிலிருந்து பெற்றோர், பிள்ளைகள், சக ஆசிரியர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிற கேள்விகள் இவை. ஒரே பதிலை வாசலில் நின்று எத்தனை முறை சொல்வது? எழுதிவிட்டேன்.

சின்ன வயதில் வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?

வருடத்துக்குப் பத்துப் பேராவது இதைக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அது இறுகி எலும்போடு எலும்பாகிவிடும். அதுவரை அந்த இடம் கொஞ்சம் பலவீனமானதுதான். மாமரத்திலிருந்து விழுந்தாலும், பைக்கிலிருந்து விழுந்தாலும், தூக்க முடியாத எடையை யாரும் பார்க்காத இடத்தில் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டாலும் அங்கே முறிவு வரலாம். பயத்துக்கு இருக்கிற உண்மை இவ்வளவுதான்.

பக்கத்தில் ஆள் நின்று, முறையாகக் கற்றுக்கொடுத்து, அளவாக எடை கூட்டிச் செய்த பயிற்சியால் வளர்ச்சி தடைப்பட்டதற்குச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020-ல் புதுப்பித்த அறிக்கையிலும் இதே நிலைப்பாடுதான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். திண்ணையிலிருந்து பிள்ளை குதிக்கும்போது அவன் முழங்காலில் இறங்குகிற விசை, அவன் உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதை யாரும் தடுப்பதில்லை. ஐந்து கிலோ மணல் மூட்டையோடு உட்கார்ந்து எழுந்தால் மட்டும் பதறுகிறோம்.

‘பளுதூக்கும் வீரர்கள் எல்லாம் குள்ளமாகத்தானே இருக்கிறார்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும். கை கால் குட்டையாக இருந்தால் எடையை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. அதனால் அப்படிப்பட்டவர்கள் அந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். கூடைப்பந்து ஆடியதாலா அவர்கள் உயரமானார்கள்? உயரமானவர்களை அங்கே பொறுக்கி எடுக்கிறார்கள். இதுவும் அதே கதைதான்.

அப்படியானால் என் மகனைப் பளுதூக்கும் வீரன் ஆக்கப் போகிறீர்களா?

இல்லை. வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018 கோல்ட் கோஸ்டிலும் தங்கம். அது ஒரு போட்டி விளையாட்டு. அதற்குத் தனிப் பயிற்சியாளர், தனி மேடை, பல வருட உழைப்பு எல்லாம் வேண்டும். கண்ணாடி முன் நின்று கை மடக்கிப் பார்க்கிற பாடி பில்டிங்கும் வேறு.

நான் செய்வது இவற்றுக்கெல்லாம் முந்தைய படி. உட்காருவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, குதித்துப் பத்திரமாகத் தரையிறங்குவது. இந்த ஆறையும் ஒழுங்காகச் செய்யவும், மூச்சு வாங்கினாலும் தொடர்ந்து தாக்குப்பிடிக்கவும் உடம்பைப் பழக்குவது. 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றுவதும், 30 கிலோ வருகிற கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் இதே அசைவுகள்தான். பள்ளி அணியில் ஆடுகிற பதினைந்து பேர் எப்படியும் மைதானத்தில் கிடப்பார்கள். நான் யோசிப்பது அணியில் இடம் கிடைக்காத மற்றவர்களைப் பற்றி. பள்ளியை விட்டுப் போன பிறகு உடம்பைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர யாரும் இருக்கப்போவதில்லை.

வாரத்துக்கு எத்தனை நாள் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினமும் 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும். அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுப்பதாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது வாரம் இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு சார் ‘போர்ஷன் முடியல சார்’ என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் மூன்றாவது நாளை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். நோட்டில் எழுத வேண்டாத ஒரே வீட்டுப்பாடம் என்பதால் எதிர்ப்பு இல்லை.

அந்த இருபது நிமிடத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

முதல் நான்கு நிமிடம் வார்ம்-அப். மெதுவாக ஓட்டம், முழங்காலை உயர்த்தி நடை, கையைச் சுழற்றுவது, நீளமாகக் காலடி வைத்து இறங்கி நடப்பது. நின்ற இடத்தில் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெச்சிங்கை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பிறகு ஐம்பது பேரை ஐந்து குழுவாகப் பிரித்து ஐந்து இடத்தில் நிறுத்துகிறேன். விசில் அடித்தால் 30 விநாடி வேலை, அடுத்த விசிலுக்கு 30 விநாடி ஓய்வு. அதையே இன்னொரு முறை செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். வரிசையில் நின்று முறை வருவதற்குக் காத்திருப்பதுதான் நம் பி.டி. பீரியடின் பெரிய நோய். இப்படிச் செய்தால் யாரும் சும்மா நிற்பதில்லை.

உட்கார்ந்து எழுவதற்கு வகுப்பறை பெஞ்சைப் பயன்படுத்துகிறேன். பெஞ்சில் மெதுவாக உட்கார், பொத்தென்று விழாதே, கையை ஊன்றாமல் எழு. பெஞ்ச் தொட்டதும் எழுவது அடுத்த படி. பெஞ்சே இல்லாமல் செய்வது அதற்கடுத்த படி. பிறகுதான் மார்போடு அணைத்த மணல் மூட்டை. குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது, முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. நான் கத்துவது பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான்.

தண்டாலுக்கும் இப்படி ஒரு ஏணி இருக்கிறது. சாதாரணத் தண்டாலில் கை தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ பையனுக்கு அது 40 கிலோ. முதல் நாளே அதைத் தள்ளச் சொன்னால் இடுப்பு தொய்ந்து, கழுத்தை மட்டும் ஆட்டி எண்ணிக்கையை முடிப்பான். அதனால் முதலில் சுவரில் கை வைத்து, பிறகு மேசையில், பிறகு பெஞ்சில், கடைசியில் தரையில். கை வைக்கிற உயரம் குறையக் குறையச் சுமை கூடும். ஒரே குழுவில் நான்கு பேர் நான்கு படியில் இருப்பார்கள். யாருக்கும் அதில் வெட்கம் இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குனிந்து தூக்குவதைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம். சுவருக்கு ஓரடி முன்னால் முதுகைக் காட்டி நிற்க வைத்து, ‘முதுகை வளைக்காமல், பின்பக்கத்தால் சுவரைத் தொடு’ என்பேன். ஒரு நிமிடம் சிரிப்பு அடங்காது. சிரித்து முடித்த பிறகு அசைவு வந்துவிடும். அரிசி மூட்டையை முதுகை வில்லாக வளைத்துத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு பாடம் பள்ளியில் கிடைத்திருக்கலாம்.

எவ்வளவு செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவு, ‘இன்னும் இரண்டு முடியும்’ என்ற இடத்தில் நிறுத்துவது. ஒரு படியில் 12 முதல் 15 முறை சுத்தமாக, இரண்டு சுற்றும் வந்தால் அடுத்த படி. மூச்சை அடக்கக் கூடாது. தள்ளும்போது வெளியே விட வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஜிம் கிடையாது. உபகரணம்?

எங்களுக்கும் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. பழைய அரிசிச் சாக்கில் மணலைப் பிளாஸ்டிக் பையோடு கட்டி வைத்தால் 5, 8, 10 கிலோ மூட்டைகள். பஞ்சர் கடையில் கிடைக்கிற சைக்கிள் டியூப் இழுவைப் பட்டை ஆகிவிடும், ஆனால் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறுந்து கன்னத்தில் அடித்தால் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று: தொங்குவதற்கு உறுதியாக நட்ட இரும்புக் கம்பி. கோல் போஸ்டில் தொங்கவே கூடாது. சரியாக நடாத போஸ்ட் சாய்ந்தால் உயிரே போகலாம்.

நம் பாரம்பரியத்தில் இல்லாததா? தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) போதாதா?

நல்ல பயிற்சிகள்தான். கர்லா கட்டை என்கிற கனத்த மரக்கட்டையைச் சுற்றுவது தோளுக்கு அருமையான வேலை. எடை குறைந்த கட்டை கிடைத்தால் நான் விடுவதில்லை. ஆனால் தண்டாலும் பஸ்கியும் தள்ளுகிற தசைக்கும் தொடைக்கும்தான் வேலை கொடுக்கின்றன. இழுக்கிற வேலை அதில் இல்லை. நாள் முழுக்க டெஸ்க்கிலும் செல்போனிலும் குனிந்து தோள் முன்னால் வளைந்த பிள்ளைக்கு முதுகுப் பக்கம் வலுவாக வேண்டும். கம்பியில் தொங்கு, ஏறு, டியூபை இழு. ஒரு தண்டாலுக்கு ஓர் இழுப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கினவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை அழகுதான். ஆனால் உருண்டையான, பிடி இல்லாத கல்லைப் பத்தாம் வகுப்புப் பையன் ரீல்ஸுக்காகத் தூக்கிப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கல்லுக்குப் பெயரே இளவட்டம். பொடியன்களுக்கு வைத்ததில்லை.

லேட்டா வந்தால் நூறு தோப்புக்கரணம் போடச் சொல்வீர்களா சார்?

சொன்னவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் ஏழெட்டுப் பேரை இருநூறு போட வைத்தேன். மறுநாள் ஒரு பையன் மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பழக்கமில்லாத உடம்பில் அளவில்லாமல் இப்படிச் செய்தால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பிறகுதான் படித்தேன். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது அறிகுறி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டம். என் திறமை இல்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அதே பயிற்சியை மறுநாள் ‘உடம்புக்கு நல்லது’ என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? கிரவுண்டைச் சுற்றி ஓடுவதை நம் தலைமுறையில் பாதிப் பேர் வெறுப்பதற்குக் காரணம் நாங்கள்தான், பி.டி. மாஸ்டர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது தேவையா? உடம்பு முரடாகிவிடாதா?

ஆகாது. தசை பருப்பதற்கு உதவுகிற டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் அவர்களுக்கு ஆண் பிள்ளைகளைவிட மிகக் குறைவு. வலிமை கூடும், உடம்பு இறுகும், அவ்வளவுதான்.

தேவையா என்றால், அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், பெரிதாகச் சேர்க்க முடியாது. பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். அப்புறம் முழங்கால். ஓடி, குதித்து, சட்டென்று திரும்புகிற விளையாட்டுகளில் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கிற முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடக் கணிசமாக அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது ஒரு முக்கியக் காரணம். அதைப் பழக்கத்தால் மாற்றலாம். கால்பந்து ஆடுகிற 13 முதல் 17 வயதுப் பெண்களை வைத்து நார்வேயில் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிட வார்ம்-அப்பில் வலிமையும் சமநிலையும் குதித்து இறங்குவதும் சேர்த்துப் பழகிய அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒரு ரூபாய் செலவில்லாத வைத்தியம்.

மாதவிடாய் நாளில் செய்யலாமா என்று நேரடியாகக் கேட்க மாட்டார்கள், தோழியை அனுப்புவார்கள். செய்யலாம், முடியாவிட்டால் விடலாம், காரணம் கேட்க மாட்டேன். இதைப் பெண் ஆசிரியர் ஒருவர் வருடத் தொடக்கத்திலேயே பொதுவாக அறிவித்துவிடுவது நல்லது. துப்பட்டாவோடு தண்டால் எடுக்க முடியாது என்பதையும் தலைமை ஆசிரியரிடம் பேசி, பி.டி. நாளில் டிராக் பேண்டுக்கு அனுமதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வு என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

குண்டாக இருக்கிற பிள்ளையை எல்லோரும் கேலி செய்வார்களே?

ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிற பையனைக் கையில் மூட்டையைக் கொடுத்து நடக்கவிட்டுப் பாருங்கள். உடல் எடை அதிகமுள்ள பிள்ளைகள் தினமும் அந்த எடையைச் சுமந்து பழகியவர்கள். மூட்டை சுமக்கிற போட்டியில் பெரும்பாலும் அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். என் வகுப்பில் எட்டாம் வகுப்பு முழுக்கக் ‘கால் வலி’ என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவன், இரண்டு கையிலும் 10 கிலோ மூட்டையோடு கிரவுண்டின் நீளத்தை நடந்து முடித்தபோது கபடி அணிக்காரன்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து கால் வலி வரவில்லை. அவன் எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

ஒரே வகுப்பில் சிலர் பெரிய ஆள் மாதிரி, சிலர் குழந்தை மாதிரி இருக்கிறார்களே, எல்லோருக்கும் ஒரே பயிற்சியா?

ஒன்பதாம் வகுப்பில் மீசை முளைத்தவனும் பால் முகமும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பெண்கள் வேகமாக உயர்வது 12 வயதை ஒட்டி, ஆண்கள் 14-ஐ ஒட்டி, அதிலும் ஓரிரு வருடம் முன்னே பின்னே. அதனால் வயதை வைத்துப் பிரிப்பதில்லை, ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான். கிடுகிடுவென்று வளர்கிற மாதங்களில் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. போன வருடம் நன்றாகக் கேட்ச் பிடித்தவன் தன் காலே தடுக்கி விழுவான். அப்போது எடையைக் கூட்டாதீர்கள். முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கிறது என்றால் குதிப்பதைக் குறைத்து, டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெரும்பாலும் வளர்ச்சியோடு தானாக அடங்குகிற வலிதான்.

மறுநாள் உடம்பு வலிக்கிறதே?

ஓரிரு நாளில் தசை முழுவதும் இரண்டு பக்கமும் மந்தமாக வலித்தால் சாதாரணம், நடந்தால் குறையும். ஒரு பக்கம் மட்டும், மூட்டில், குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்த வேண்டும்.

புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் வரை, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் முட்டை கிடைக்கிறது. டப்பாவுக்குக் கொடுக்கிற மூவாயிரத்தில் ஒரு வருடத்துக்குக் கடலை வாங்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து முதல் பீரியடில் மயங்கி விழுகிற பிள்ளைக்குத் தேவை பவுடர் அல்ல, இரண்டு இட்லி.

வெயிலில் எப்படி?

மதியம் இரண்டு மணி பீரியடை ஏப்ரலில் மைதானத்தில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். வராண்டா, மரத்தடி, சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாமே போதும். தண்ணீர் பாட்டில் இல்லாதவர் பயிற்சிக்கு வரக் கூடாது. பேச்சு குழறினாலோ, தலைசுற்றி நிலை தடுமாறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மார்க் போடுவீர்களா?

மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் பெரிய பிள்ளைகளுக்கு உயரம்-எடைக் கணக்கு, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து கால் விரலை எட்டுவது, வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை இருக்கின்றன. நான் அதை ஜூலையிலும் பிப்ரவரியிலும் எடுத்து, அவரவர் நோட்டில் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். சத்தமாக வாசிப்பதில்லை. ஜூலையில் மேசையில் கை வைத்து எட்டுத் தண்டால் எடுத்த பெண் பிப்ரவரியில் தரையில் மூன்று எடுத்தால், அவளுக்கு அது தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

பிளஸ் ஒன் சேர்ந்ததும் ஜிம்முக்கு அனுப்பலாமா?

ஆறு அசைவும் சுத்தமாக வந்திருந்தால் அனுப்பலாம். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் பார்க்க ஆள் இல்லாத நேரத்தில், விளையாட்டுத்தனத்தில், காலில் எடைத் தட்டைப் போட்டுக்கொண்டுதான். அதனால் மெஷினை எண்ணாதீர்கள், அங்கே நிற்கிற ஆளைப் பாருங்கள். வெறும் கம்பியைக் கொடுத்து, ‘எப்படி உட்கார்ந்து எழுகிறாய், காட்டு’ என்று கேட்டால் நல்ல இடம். சாதாரண ஒலிம்பிக் கம்பி வெறுமனேயே 20 கிலோ, அதற்குக்கூட முதலில் துடைப்பக் கட்டையைக் கொடுத்துப் பழக்கினால் இன்னும் நல்ல இடம். ‘பெஞ்ச் பிரஸ் எவ்வளவு அடிப்பே தம்பி?’ என்று ஆரம்பித்தால், கட்டிய அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.